பல்லாவரத்துக் கருங்கல்

சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு எதிரே நிற்பவை திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். பாதிக்கு மேல் வெட்டித் தின்னப்பட்ட குன்றுகள் அவை. வெடி வைத்துப் பிளந்த முகத்தில் பாறை கருமையும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவி வைத்ததுபோல மினுங்கும். புதிதாக உடைந்த ஒரு சில்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மங்கிய நீலத்தில் குவார்ட்ஸ் மணிகள் தெரியும். மழையும் வெயிலும் பட்ட வெளிப்புறத்தில் மட்டும் ஒரு பழுப்புத் தோல்.

கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இந்தக் கல்தான் இருக்கிறது. சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பாறை வகையை விவரித்தபோது, கல்லறைக்குரியவரின் பெயரையே வைத்து ‘சார்னோக்கைட்’ என்றார். இலங்கையின் மலைநாட்டிலும் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்திலும் இதே இனத்துப் பாறைகள் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தவை.

பல்லாவரத்துக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். வயதைவிட வியக்க வைப்பது அது உருவான இடம். தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் இறுகிய பாறை அது. மனிதன் துளையிட்டு எட்டிய ஆழத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோவியத் ரஷ்யா கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கிய துளை, இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் 12,262 மீட்டரோடு நின்றுபோனது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, சுமார் 180 டிகிரி வெப்பம் அங்கே இருந்தது. அந்தத் துளை தொடாத ஆழத்துப் பாறை பல்லாவரத்தில் கையால் தொடும் தூரத்தில் கிடக்கிறது. மேலே அடுக்கடுக்காக இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் போக, அடியில் இருந்தது மெல்ல மேலே எழும்பி வந்தது.

அவ்வளவு ஆழம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பைராக்சீன், கார்னெட் போன்ற கனிமங்களின் உட்கலவை அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும். ஆய்வகத்தில் அதே கனிமங்களை அழுத்திச் சூடேற்றி, கிடைப்பதைக் கல்லோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

அதற்கும் கீழே போக, கல் உதவாது, நிலநடுக்கம்தான் உதவும். அந்த வழியைத் திறந்ததிலும் ஹாலண்ட் இருந்த அதே புவியியல் ஆய்வுத் துறைக்குப் பங்கு உண்டு. 1897 ஜூன் 12-இல் அஸ்ஸாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அத்துறையின் ஆர். டி. ஓல்டாம். தொலைதூரக் கருவிகளில் பதிவான அலைகளை வகை பிரித்துக் காட்டிய அவர், பூமிக்கு நடுவே வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருப்பதை 1906-இல் எடுத்துச் சொன்னார். அந்தக் கருவம் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. அதன் உள்ளேயும் ஒரு உட்கருவம் இருப்பதை 1936-இல் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமான்.

சார்னோக்கைட்டுக்குள் காற்றின் கதையும் இருக்கிறது. தென்னிந்தியச் சார்னோக்கைட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், கனிமங்களுக்குள் சிறைப்பட்ட மிக நுண்ணிய குமிழிகளைக் காணலாம். அவற்றில் அடர்ந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. இந்தப் பாறை ஏறக்குறைய நீரே இல்லாத சூழலில் உருவானது. நீரைத் துரத்தியது இந்த வாயுவா, உருகிய குழம்பு நீரை உறிஞ்சிக்கொண்டதா என்று புவியியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

பல்லாவரத்துக் கல் இறுகிய காலத்தில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. சேலம் கஞ்சமலையில் காந்தத்தை இழுக்கும் கறுப்பு வரிகளாகத் தெரியும் இரும்புத் தாது, அப்படிப்பட்ட பழங்கடல்களில் படிந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் கூடத் தொடங்கியது. இன்று அது 21 சதவீதம். ஆழத்திலிருந்து வந்த கல் இந்தக் காற்றைச் சந்தித்ததும் அதிலுள்ள இரும்பு துருவேறுகிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. பல்லாவரத்துக் கல்லின் பழுப்புத் தோல் அந்த வேலையின் தொடக்கம்.

முழுவதையும் பார்க்க நீலகிரிக்குப் போக வேண்டும். அந்த மலையே சார்னோக்கைட்தான். தேயிலை வேரூன்றி நிற்கும் ஆழமான சிவப்பு மண், அதே கறுப்புக் கல் மக்கியதால் வந்தது. சரிவை வெட்டிச் சாலையும் வீடும் எழுப்பிய இடங்களில், அடைமழையில் இந்த மண் நீரைக் குடித்துக் கனத்து மொத்தமாக நழுவுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் அப்படித்தான் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே கட்டடத்துக்கு அனுமதி கேட்கிறவரும் கொடுக்கிறவரும் கீழே எத்தனை அடி மண், எங்கே கல் என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

சமவெளியில் இதே கல்லின் சிக்கல் வேறு. கருங்கல்லுக்கு நுண்துளை கிடையாது; வெடிப்பு இருந்தால்தான் நீர் இறங்கும். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கு அருகில் இத்தகைய கடினப் பாறைதான். ஒருவர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பீறிட, பத்தடி தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் கல்தூள் வருவது இதனால்தான். 2017-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டுக்குப் பக்கத்துச் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜல்லிக்காகத் தோண்டிய பள்ளங்கள் அவை.