பாபநாசத்து ஊற்றுகள்: தேவராவிலிருந்து ஒரு கடிதம்

தேவரா, கொச்சி



எர்ணாகுளத்தின் தென்புறத்தில் காயலை ஒட்டிக் கிடக்கும் தேவரா, நீர் சூழ்ந்த ஊராயினும், கோடையில் கடலுப்பு காயல் வழியே உள்ளேறிவிடுவதால், தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து வரும் குழாய்நீரையே குடிக்கிறது. இங்கிருந்து தெற்கே இரயிலில் வர்க்கலா செல்பவருக்கு, அலைகள் மோதும் கரையை ஒட்டிய குன்றின் முகத்திலிருந்து நன்னீர் சுரப்பது பெருவியப்பாகும்.

கேரளத்தார் வெட்டுக்கல் என்று சொல்லும் துளை மிகுந்த செம்பாறை மேலும், மணற்கல் அதன் கீழும், நீரைப் புகவிடாத களிமண் அதற்கும் கீழும் அமைந்த இக்குன்றில், மழைநீர் மெல்ல இறங்கி, களிமண்ணால் தடைபட்டு, பக்கவாட்டில் நகர்ந்து ஊற்றாகிறது. 1882-இல் இவ்வடுக்குகளைப் பற்றி எழுதிய நிலவியலாளர் வில்லியம் கிங், இவ்வூரின் பெயரையே அவற்றுக்கு இட்டார். ஊற்றுநீரின் வெப்பம் அது சென்ற ஆழத்தைப் பொறுத்தது: நிலத்தினுள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். அத்தகைய ஆழம் சென்று விரைந்து மேலேறும் நீரே திருகோணமலையின் கன்னியாவில் உள்ளதுபோன்ற வெந்நீரூற்றாகும். வர்க்கலாவின் நீரோ மேலடுக்குகளிலேயே உலவித் திரும்புவதால் குளிர்ந்திருக்கிறது. பாறையின் தாதுக்கள் கரைந்த அந்நீர் நோய் தீர்க்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

கர்க்கடக வாவு எனப்படும் ஆடி அமாவாசையன்று மூதாதையருக்குத் தர்ப்பணம் செய்ய மக்கள் திரளும் இக்கரைக்குப் பாபநாசம் என்று பெயர். மருந்தைக் குறைத்து, உணவு, நீர்ச்சிகிச்சை, மண்பூச்சு, யோகம் ஆகியவற்றால் உடலைத் தேற்றும் அரசு இயற்கை மருத்துவமனையும் இவ்வூரில் உண்டு.

எனினும் நலம் என்பதன் முழுப்பொருளை வகுத்தவர், இவ்வூரின் சிவகிரியில் மடம் அமைத்த துறவி நாராயண குரு. 1928-இல் சிவகிரித் தீர்த்தாடனத்திற்கு இசைவளித்த அவர், உடல், உணவு, மனம், சொல், செயல் ஆகிய ஐந்தின் தூய்மையையும் பேணிப் பத்து நாள் நோன்பிருந்து வருவோருக்கு, கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பு, உழவு, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி ஆகிய எட்டினைப் பற்றி வல்லுநர்கள் விரிவுரை ஆற்ற வேண்டும் என்றார். ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் அவ்வுரைகள் நிகழ்கின்றன.

அவ்வெட்டனுள் தூய்மை இரண்டாவதாக நிற்பது இக்குன்றுக்கும் பொருந்தும். மேலே விடுதிகளும் கடைகளும் சிந்தும் கழிவுநீர் மழைநீர் இறங்கும் அதே துளைகளின் வழியே இறங்குமாதலால், ஊற்றில் நலம் தேடி வருவோர் முதலில் காக்க வேண்டியது குன்றின் மேற்பரப்பையே.

அன்புடன்,
தேவராவிலிருந்து ஒரு பயணி