மூலிகையா? மாத்திரையா?

மூட்டு வலி என்றதும் நம் வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒன்று மஞ்சள், முடக்கத்தான் கட்சி. மற்றது டைக்ளோஃபினாக் கட்சி.

உண்மையில் இரண்டும் சொந்தக்காரர்கள்தான்! வில்லோ மரப்பட்டையிலுள்ள சாலிசினைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் பிறந்தது.

மாத்திரை, வீக்கத்தை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. வலி சீக்கிரம் அடங்கும். ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அல்சர், சிறுநீரக பாதிப்பு, மாரடைப்பு அபாயம் எல்லாம் உண்டு. வயாக்ஸ் என்ற மாத்திரை இதய பாதிப்பு காரணமாகவே 2004-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அப்படியானால் மூலிகையே போதுமா? மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் அது கூடும் என்று 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. சமையலில் போடும் மஞ்சளால் பயமில்லை. ஆனால் இப்படிச் செறிவூட்டிய கேப்சூல்களால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து கலப்படம். மூட்டு வலிக்கான இயற்கைத் தயாரிப்பு என்று விற்கப்பட்ட 'ஆர்ட்ரி கிங்'கில், லேபிளில் சொல்லாத டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருப்பதாக 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மாத்திரைக்குப் பயந்து மூலிகை வாங்கியவர்கள், தெரியாமல் அதே மாத்திரையைத்தான் விழுங்கியிருக்கிறார்கள்! ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

எனவே, எந்தக் கட்சியாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது? எவ்வளவு? எத்தனை நாளைக்கு? சாப்பிடும் மூலிகையையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.