பின்சக்கரத்தின் சாய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான டயர் போடுகிறவர்களில் பெரும்பாலோர், அதைப் பின்னாலிருந்து பார்க்கப் போகிறவர்களை உத்தேசித்தே போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இதில் இழிவு ஒன்றுமில்லை. கண்ணுக்கும் பசி உண்டு. ஆனால் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரியான வண்டியில் இந்தப் பசி சீக்கிரமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. சொந்தமாக சைக்கிளுக்கு மேல் எதுவும் வைத்திராத, வங்கியில் பேரேடு பார்த்துவிட்டு மீந்த நேரத்தில் கவிதை பற்றி எழுதுகிற நான் இதில் தலையிட நேர்ந்தது ஒரு நண்பனால். பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்னோடு படித்தவன். இப்போது கவென்ட்ரியில் வேலை. அங்கே 1968ஆம் வருஷத்து மார்க் 3 ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கி, அதற்கு ஐந்தரை அங்குல ரிம்மும் 175/70 டயரும் தருவித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதினான்: 'மட்கார்டு விளிம்பை மடித்தால் போதுமா என்று உன் மாமாவைக் கேள்.'

மாமாவைக் கேட்கக் காரணம் உண்டு. ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தபோது அது ஹெரால்டின் சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கி அதன் மேல் மிக்கலோட்டி வரைந்த உடம்பை வைத்ததுதான். அந்த ஹெரால்ட் 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. மாமா தன் ஷெட்டில் இருபது வருஷம் அதன் பின்பக்கத்தோடு மல்லுக்கட்டியவர். இரண்டு வண்டிக்கும் பின்னங்கால் ஒன்றே.

அந்தக் கால் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு முடுக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு ஜாயின்ட். வெளிமுனையில் சக்கரம், ஷாஃப்டுக்குச் செங்குத்தாக, வேறு வழியின்றி. கீலில் ஆடும் கதவுபோல் சக்கரம் அந்த உள் ஜாயின்டைச் சுற்றி ஏறி இறங்குகிறது. ஏறினால் அதன் தலை உள்ளே சாயும். இறங்கினால் கால் உள்ளே மடங்கும். நேராக நிற்பது நடுவில் ஏதோ ஒரு கணத்தில்தான்.

சிறுவயதில் மாமாவின் ஹெரால்டில் ஆறு பேர் அடைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போவோம். நிறுத்தி இறங்கும் முன் பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள், பிறந்து எழுந்து நிற்கப் பார்க்கும் கன்றுக்குட்டியின் கால்கள் மாதிரி அகன்றிருக்கும். டயர் உள்விளிம்பில் மட்டும் தேயும். அது சிக்கனத்தின் பிரச்னை. ஆபத்து எதிர்த்திசைச் சாய்வில் இருக்கிறது. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கத்துப் பின்டயரைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. தள்ளுகிற இடம் தாழ்வு, ஜாயின்ட் உயரத்தில். ஆகவே அந்தத் தள்ளலில் ஒரு பங்கு வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. தூக்கினால் சக்கரத்தின் கால் உள்ளே மடங்குகிறது. மடங்கினால் இன்னும் தூக்குகிறது. பயந்துபோன ஓட்டுநர் அந்த நேரம் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னே போய், பின்பக்கம் மேலும் லேசாகி, வண்டி சுழன்றுவிடும். 1965இல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தில் ஷெவர்லே கோர்வேரைத் தாக்கியதும் இதே வகை ஆக்சிலுக்காகத்தான். 1972இல் அமெரிக்க அரசு அமைப்பின் அறிக்கை, அந்த வண்டி தன் காலத்து மற்ற வண்டிகளைவிட மோசமில்லை என்றது. அது கோர்வேருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

இப்போது இந்தக் காலில் அகல டயரை மாட்டுங்கள். மட்கார்டில் உரசுமா என்பது சின்னக் கேள்வி. டயர் அகலமானால் பிடிப்பு கூடும். பிடிப்பு கூடினால் தரையின் தள்ளல் கூடும். தள்ளல் கூடினால் தூக்கல் கூடும். ஒரு பக்கம் வரவு வைத்தால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். இரண்டாவது சங்கடம் வடிவக் கணிதம். சக்கரம் 5 டிகிரி சாய்ந்தால், தரைதொடும் பட்டை 10 சென்டிமீட்டர் அகலமாக இருக்கும் டயரின் ஒரு விளிம்பு மற்றதைவிட சுமார் 9 மில்லிமீட்டர் உயர விரும்பும். 13 சென்டிமீட்டராக இருந்தால் 11க்கு மேல். பழைய ஒல்லி டயர் உருண்டைத் தோளோடு இந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். அகல டயர் தட்டையானது. நிமிர்ந்து நின்றால்தான் அதன் அகலம் அகலம். சாய்ந்தால் ஒரு விளிம்பில் நின்று, காசு கொடுத்து வாங்கிய மீதியை அந்தரத்தில் வைத்திருக்கும். வரி தாங்காத படிமங்களை வாங்கி ஏற்றுகிற நம் கவிஞர்கள் சிலரை இங்கே நினைத்துக்கொண்டேன். பெயர் சொல்லி விரோதம் தேட இடமில்லை.

கவென்ட்ரிக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. 1966இல் இதே சேஸிஸில் இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஜிடி 6 வந்தபோது பின்பக்கத்தைப் பற்றிப் புகார்கள் வந்தன. 1968இன் மார்க் 2வில் கீழே ஒரு விஷ்போனும் ஷாஃப்டில் ரப்பர் கப்ளிங்கும் கொடுத்து, சக்கரத்தின் சாய்வை ஷாஃப்டின் பிடியிலிருந்து விடுவித்தார்கள். நல்ல வேலை, செலவும் அதிகம். 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4க்குச் செய்ததுதான் என்னைக் கவர்கிறது. ஸ்பிரிங்கின் அடித்தகடு ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றத் தகடுகளைத் தராசுத் தண்டு மாதிரி நடுவில் ஆட விட்டார்கள். பாரத்தை அது முன்போலவே தாங்கும். வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் வேலையை மட்டும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அதை முன்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் ஏற்றுக்கொள்ளும். வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மீது திடீரென்று எல்லாச் சுமையும் விழுவது குறைகிறது, தூக்கலும் குறைகிறது. எதையும் பெரிதாகச் சேர்க்காமல், ஓரிடத்தின் பிடிவாதத்தைத் தளர்த்தி முடித்த காரியம். பிறகு 1973 மாடலில் ஷாஃப்டுகளைப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் நீட்டினார்கள். ஜிடி 6கூட அந்த வருஷம் விலையுயர்ந்த ஏற்பாட்டை விட்டு இந்த ஸ்பிரிங்குக்கே திரும்பியது.

சென்னை கொடுத்த பதில் வேறு. ஹெரால்டின் ஆடும் ஆக்சில் இங்கே வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை என்று, 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கஸெலில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பால் கோத்த முழு ஆக்சிலை வைத்தார்கள். இதைப் பின்னடைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வெளியான விமர்சனங்களில் ஆகக் கறாரானது இதுவாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், முழு ஆக்சிலில் உடம்பு எப்படிச் சாய்ந்தாலும் இரண்டு சக்கரமும் தரைக்கு நிமிர்ந்தே நிற்கும். அகல டயர் கேட்பது அதைத்தான். நண்பனின் டயர்கள் நியாயமாகப் போய்ச் சேர வேண்டிய இடம், அவன் திரும்பியும் பார்க்காத அந்தக் குடும்ப வண்டி.

மாமா நண்பனின் படங்களை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். "மாப்ளே, மட்கார்ட மடிக்கிறது தகர வேலை. எவன் வேணா செய்வான். மொதல்ல ஸ்பிரிங்க மாத்தச் சொல்லு. முன்னாடி பார் தடியாப் போடச் சொல்லு. நீள ஷாஃப்ட் கெடைச்சா அதையும். அப்புறம் டயரப் பத்திப் பேசலாம்" என்றார். டயர் வெளியே தள்ளி நிற்க ஸ்பேசர் வைக்கலாமா என்று நண்பன் கேட்டிருந்ததற்கு, "பேரிங் யார் வீட்டுக் காசு?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நண்பனுக்குக் கோபம். டயர் வாங்கியாகிவிட்டது, ஊரில் பலர் ஸ்பிட்ஃபயரில் 175 போட்டு ஓட்டுகிறார்கள் என்றான். ஓட்டுகிறார்கள்தான், அவர்களில் அடியில் வேலை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரி என்றேன். கடைசிக் கால ஸ்பிட்ஃபயர்களுக்குத் தொழிற்சாலையே 155 கொடுத்தது, அதற்கு மேல் உனக்கு எதற்கு என்றும் எழுதினேன். என்னைப் பண்டிதன் என்றான். மூன்று வாரம் கடிதமில்லை. பிறகு ஒரு நாள் மார்க் 4 ஸ்பிரிங் ஒன்று தரையில் கிடக்கும் படம் வந்தது. டயர் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவை அவன் கராஜ் சுவரில் சாய்ந்திருக்கின்றன.

போன ஞாயிறு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, ஜாக்கை இறக்கினால் சக்கரம் இரண்டும் உள்ளே மடங்கியே நிற்கிறதே, தப்பாக மாட்டிவிட்டேனா என்று பதறிக் கூப்பிட்டான். போனை மாமாவிடம் கொடுத்தேன். "அது அப்படித்தான் தம்பி நிக்கும். ஜாக்குல ஏத்தினா கால மடிச்சிக்கும். எறக்கிட்டு முன்னாடி பத்தடி, பின்னாடி பத்தடி உருட்டுங்க, தானா விரிஞ்சிக்கும். உள்ள ஒரு ஆள உக்கார வச்சிட்டு அப்புறம் சாய்வ அளந்து பாருங்க" என்றார்.