குதிரைக்கும் உண்டு சலவை

வெள்ளைச் சட்டையில் ஆபீஸ் போகிற நம் அவஸ்தை வெள்ளைக் குதிரைக்கும் உண்டு. ராத்திரி தன் சாணியிலேயே படுத்து எழுந்தால், காலையில் உடம்பெல்லாம் மஞ்சள் கறை! ப்ளீச் கூடவே கூடாது, தோல் வெந்துவிடும். காய்ந்த அழுக்கை பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஷாம்பூ. அப்படியும் போகாத மஞ்சளுக்கு ஊதா ஷாம்பூ. வேட்டிக்கு நீலம் போடுகிற அதே கணக்குதான். சில நிமிஷத்தில் அலசாவிட்டால், மாப்பிள்ளை கத்திரிப்பூ கலர் குதிரையில்தான் ஊர்வலம் போகணும்.

மெரினாவில் ஒரு குதிரைக்காரரைக் கேட்டேன்.

"ஊதா ஷாம்பூவுக்கு ஏது சார் காசு? சோப்புதான். ஆனா கறையோட போனா கல்யாண வீட்ல வாடகையில கை வெச்சுடுவாங்க. அவசரத்துக்கு மூஞ்சி பவுடரைத் தூவி அட்ஜஸ்ட் பண்றதுதான்."

"மழை வந்தா?"

"மாப்பிள்ளை கார்ல ஏறிடுவாரு சார்!"