பெருக்கமரம் காத்துவரும் மழைக்கணக்கு

மன்னார்த் தீவிலிருந்து கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்த எம்மிடம் உடன் மாணவர் தவறாது கேட்ட கேள்விகள் இரண்டு. உங்கள் ஊரிற் கழுதைகள் எத்தனை? பெருக்கமரத்துக்கு வயது என்ன? முதலாவதற்கு நகைத்து விடுவோம். இரண்டாவதற்கு, பள்ளிமுனையில் நிற்கும் மரம் 1477ஆம் ஆண்டில் அராபிய வணிகரால் நடப்பட்டதென்று பெரியோர் சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொல்வோம். அதன் அடிமரம் ஏறத்தாழ 19.5 மீற்றர் சுற்றளவுடையது. சுற்றளவைக் கயிறு கொண்டு அளக்கலாம்; வயதோ செவிவழிச் செய்தியாகவே நின்றுவிட்டது. மரத்தையே கேட்டறியும் வழியொன்று இன்று உண்டு. அதனை எம் இளைய மாணவர்க்கு எடுத்துரைக்க இவ்விழா மலரில் இடம் கிடைத்தமை எமக்கு மகிழ்ச்சியே.

குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையமாகத் தம் வரலாற்றைத் தெளிவாக எழுதி வைக்கின்றன. பெருக்கமரத்தின் வளையங்களோ மங்கலானவை. எண்ணி முடிப்பதற்குள் நடுவிற் பொந்து வந்துவிடும். ஆதலின் அறிஞர் மரத்திலுள்ள காபனை நாடினர். காபன்-14 தேய்ந்துள்ள அளவு வயதைச் சொல்லும். தேயாத சமதானிகளாகிய காபன்-12, காபன்-13 ஆகியவற்றின் விகிதம் மழையைச் சொல்லும். காற்றிலுள்ள காபன் அணுக்கள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றே பாரமான காபன்-13 ஆகும். நீர் வளம் உள்ளபோது இலை பாரமானதைப் பெரிதும் ஒதுக்கிவிடுகிறது. வறட்சியில் இலைவாய்கள் ஒடுங்க, உள்ளே அகப்பட்டதைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருப்பதால் காபன்-13 மிகுகிறது. அவ்வாண்டின் மரத்தில் அது நிலைத்துவிடுகிறது.

ஆயினும் மரத்தூளை அப்படியே கருவியில் இடலாகாது. பிசினும் எண்ணெயும் ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்து செல்பவை. இலிக்னினும் செலுலோசும் வெவ்வேறு விகிதமுடையவை. எனவே பென்சிற் பருமனுள்ள மரக்கோலைத் துளைகருவியால் எடுத்து, கூரிய அலகால் மெல்லிய சீவல்களாக்குவர். தொலுயீனும் எதனோலும் கலந்த கரைசல் பிசினைக் கழுவும். அசற்றிக் கமிலம் சேர்த்த சோடியம் குளோரைற்றுக் கரைசல், ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வெப்பத்தில், இலிக்னினைக் கரைக்கும். 17 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டு மற்றைய வெல்லப் பொருள்களை நீக்கும். பின்னர் தூய நீரிற் பலமுறை அலம்பி உலர்த்துவர். எஞ்சுவது பஞ்சு போன்ற வெண்ணிறச் செலுலோசே. முத்துச் சிலாபக் காலத்தில் எம் முன்னோர் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவிக் கழுவி முத்தெடுத்த பொறுமையே இங்கும் வேண்டும். இறுதியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவை நிறுத்து, சிறு வெள்ளீயக் கிண்ணத்திற் பொதிந்து எரிப்பர். எழும் காபனீரொட்சைட்டைத் திணிவு நிறமாலைமானி அளந்து சொல்லும்.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஆமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆர். ரமேசும் அவர்தம் தோழரும் காசுமீரத்து மரங்களின் சமதானிகளை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். தென்னாபிரிக்காவின் வடகிழக்கே நான்கு பெருக்கமரங்களிலிருந்து ஆயிரம் ஆண்டு மழை வரலாறு 2015இல் வெளியிடப்பட்டது. அங்கு 1075ஆம் ஆண்டையொட்டி மழை மிக்கிருந்ததும், 1635, 1695 ஆகிய ஆண்டுகளையொட்டிப் பெருவறட்சி நிலவியதும் அதனாற் புலனாயின.

மன்னாருக்கு இவ்வாராய்ச்சி எத்துணை வேண்டற்பாலது! ஐப்பசி முதல் வரும் வாடைமழை பொய்த்தாற் கட்டுக்கரைக்குளம் வற்றும், வயலும் வாடும். மழைமானிக் கணக்கோ இரண்டு நூற்றாண்டுக்கு அப்பாற் செல்வதில்லை. அதற்கு முந்திய கணக்கைக் கேட்கத்தக்க சாட்சிகளுள் இம்மரங்களே முன்னிற்பவை. 1964 மார்கழிப் புயலையும் இவை கண்டவை. அக்காலத்து அணுக்குண்டுச் சோதனைகளாற் காற்றில் மிகுந்த காபன்-14, 1960களின் நடுப்பகுதி மரத்தை அடையாளங் காட்டுமாதலின், அங்கிருந்து ஆண்டுகளைப் பின்னோக்கிக் கணிக்கவும் இயலும்.

ஆயினும் ஓர் அச்சம் எமக்குண்டு. பனை வீழ்ந்தால் வைரம் நிற்கும்; பெருக்கமரம் வீழ்ந்தால் நீர் ததும்பும் அதன் உடல் சில காலத்துள் நார்க்குவியலாய்ச் சிதைந்து போகும். ஆபிரிக்காவின் மிக மூத்த 13 பெருக்கமரங்களுள் 9 முற்றாகவோ பகுதியாகவோ மடிந்தனவென 2018இல் அறிவிக்கப்பட்டது. எம் ஊர் மரம் ஒன்று சாயுமாயின், பல நூற்றாண்டுக் கணக்கு அதனோடு மண்ணாகும்.

ஆகவே மன்னார் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உயிருள்ள மரத்தை உரியோர் இசைவின்றித் துளைக்க வேண்டாம். காற்றில் முறிந்த கிளையோ சாய்ந்த மரமோ கண்டால், அதன் குறுக்குத் துண்டொன்றை நிழலில் உலர்த்துங்கள். எண்ணெயோ வர்ணமோ பூசாது, பொலித்தீனில் இட்டுப் பூஞ்சணம் பிடிக்க விடாது, தாளிற் சுற்றுங்கள். இடமும் நாளும் எழுதி, பல்கலைக்கழகத் தாவரவியற்றுறைக்கு அறிவியுங்கள். ஆய்வுகூடம் நாளை அமையலாம். சிதைந்த மரம் மீண்டும் வாராது.