ஐந்து எழுத்துகள் கற்பித்த பாடம்

(முன்னாள் மாணவியர் நால்வர்)



நாங்கள் நால்வரும் பள்ளியை விட்டு வெளியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது, நாங்கள் பெற்ற பரிசுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் ஒன்றுகூடிப் பேசியபோது எங்கள் நினைவுக்கு வந்ததோ நாங்கள் செய்த ஒரு பிழை. அதையே எழுதுகிறோம்.

1982-ஆம் ஆண்டு. நாங்கள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆங்கில மன்றம் கூடும். சிஸ்டர் கரும்பலகையில் சில ஆங்கில எழுத்துகளை எழுதிப் போடுவார்கள். அவை அனைத்தும் வருகின்ற சொற்களைத் திங்கட்கிழமைக்குள் கண்டுபிடித்து வரவேண்டும். வேறு எழுத்துகளும் சேர்ந்து வரலாம். ஆனால் கொடுத்தவற்றுள் ஒன்றுகூட விடுபடலாகாது. அகராதியைப் பார்க்கக் கூடாது. ஐவர் கொண்டது ஒரு குழு.

எங்கள் குழுவில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தவள், கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். அவளுடைய தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்தார். ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வகுப்பே சிரிக்கும், நாங்களும் சிரித்தோம். "நாங்கள் சொல்லுவதை நீ எழுதினால் போதும்" என்று நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டோம்.

ஒரு வெள்ளியன்று சிஸ்டர் எழுதியவை ஏ, ஈ, எல், எஸ், டி என்னும் ஐந்து எழுத்துகள். நாங்கள் வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தோம். 'ஸ்லேட்' வந்தது. 'லீஸ்ட்' வந்தது. பழையது என்னும் பொருளுடைய 'ஸ்டேல்', கதைகள் என்னும் பொருளுடைய 'டேல்ஸ்' ஆகியவையும் வந்தன. 'ஸ்டீல்' என்றதும் எங்களில் ஒருத்தி எஃகின் பெயரை எழுதிவிட்டாள். அதில் ஏ இல்லை! பிறகுதான் திருடுவதைக் குறிக்கும் 'ஸ்டீல்' நினைவுக்கு வந்தது. பன்மைச் சொற்களையும் சேர்த்து மொத்தம் பதினொரு சொற்கள். எங்களுக்கு மிகுந்த பெருமை.

திங்கட்கிழமை எங்கள் சொற்களை வாசித்து முடித்ததும், அவள் தயங்கித் தயங்கி ஒரு தாளை எடுத்தாள். அதில் மேலும் பதினாறு சொற்கள் இருந்தன. கோட்டையைக் குறிக்கும் 'காசில்', வணக்கத்தைக் குறிக்கும் 'சல்யூட்', பிளாஸ்டர், எலாஸ்டிக், மொழிபெயர்ப்பதைக் குறிக்கும் 'டிரான்ஸ்லேட்' என வரிசையாக எழுதியிருந்தாள். கடைசிச் சொல்லை 'அப்போஸ்ட்லே' என்று வாசித்தாள். திருத்தூதரைக் குறிக்கும் 'அபாசில்' என்னும் சொல் அது. வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

வேறு குழுவைச் சேர்ந்த ஒருத்தி எழுந்தாள். "உச்சரிக்கவே தெரியாதவளுக்கு இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது? அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறாள், சிஸ்டர்!"

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அதே ஐயம்தான்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. மேசைமீதிருந்த பெரிய அகராதியைக் குற்றம் சாட்டியவளிடம் கொடுத்து, "இந்த ஐந்து எழுத்தும் வருகிற ஒரு சொல்லை இதிலிருந்து எடுத்துக் கொடு" என்றார்கள். அவள் பக்கங்களைப் புரட்டினாள், புரட்டினாள், புரட்டிக்கொண்டேயிருந்தாள். "அகராதி முதலெழுத்தைத்தான் கேட்கும். உள்ளே எந்த எழுத்து இருக்கிறதென்று அதனிடம் கேட்க முடியாது" என்றார்கள் சிஸ்டர்.

பிறகு எங்கள் தோழி தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். பழைய காலண்டர் அட்டையைச் சிறு சிறு சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதியிருந்தாள். "எனக்கு ஓசை பிடிபடவில்லை, சிஸ்டர். அதனால் எழுத்தைக் கையால் நகர்த்திப் பார்க்கிறேன். ஐந்தையும் வைத்துக்கொண்டு, ஆறாவதாக ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்து மாற்றி மாற்றி அடுக்குவேன். பிறகு ஏழாவதும் சேர்ப்பேன். எங்கேயாவது பார்த்த சொல் வந்தால் எழுதிக்கொள்வேன். கடைசிச் சொல் சிற்றாலயத்து ஆங்கில விவிலியத்தில் இருக்கிறது. முதலில் எல்லா எழுத்திலும் இரண்டிரண்டு செய்தேன். ஈ போதவில்லை, எட்டு செய்தேன். க்யூ ஒன்றே போதும்."

அப்போதுதான் சிஸ்டர், ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார்கள். கட்டடக் கலைஞரான அவர் 1930-களின் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்தவர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப எழுத்து வில்லைகளைச் செய்தார். 1948-இல் 'ஸ்கிராபிள்' எனப் பெயர் பெற்ற விளையாட்டு அதுவே. அதன் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12; க்யூ ஒன்றே ஒன்று. "அவர் செய்தித்தாளில் கண்டதை நீ தரையில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டாய்" என்று சிஸ்டர் அவள் தலையில் கை வைத்தார்கள்.

எங்கள் தவறும் எங்களுக்கு விளங்கியது. 'காசில்', 'அபாசில்' ஆகிய சொற்களில் டி எழுத்து உண்டு, ஒலிப்பதில்லை. காதால் தேடிய எங்களுக்கு அவை அகப்படவில்லை. நாங்கள் எதைக் கண்டு சிரித்தோமோ, அந்த எழுத்துக் கூட்டி வாசிக்கும் வழக்கமே அவளுக்கு வழிகாட்டியிருந்தது.

அன்று மாலை மாதா கெபி அருகே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே!" என்றாள்.

"அதற்காகத்தான் கேட்கிறோம்" என்றோம்.

அடுத்த வெள்ளி முதல் ஐவரும் தரையில் அமர்ந்து அட்டைகளை அடுக்கினோம். அவள் சொல்லைக் கண்டெடுப்பாள். நாங்கள் உச்சரிப்பைச் சொல்லித் தருவோம். நோட்டுப் புத்தகம் முறைவைத்து எல்லாருடைய கைக்கும் வந்தது.

தங்கையரே, இன்று கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டினால் நொடிப்பொழுதில் சொற்களின் பட்டியல் வந்துவிடுகிறது. நல்ல வசதிதான், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் உங்கள் வகுப்பில் பேசாமல் ஓரத்தில் அமர்ந்திருப்பவளுக்கு என்ன தெரியும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. நீங்கள்தாம் அவளருகே சென்று அமர்ந்து கேட்க வேண்டும்.