பெட்ராபோலில் கதவடைத்தால் ராஜபாளையத்துக்கு என்ன?

ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அப்படிப் பார்த்தால் இதுவும் ஓர் எல்லையோர ஊர்தான். ஆனால் இந்த எல்லையால் ஊருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக லாரிகள் பாட்டுக்குப் போய் வருகின்றன. ஊரின் பிழைப்பை அசைத்துப் பார்க்கிற எல்லைகள் வேறெங்கோ இருக்கின்றன. ஒன்று மேற்கு வங்கத்தில் இருக்கும் பெட்ராபோல். இன்னொன்று அமெரிக்கத் துறைமுகங்களின் சுங்க அலுவலகம்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து ராஜபாளையம். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஊரும் பணம் சம்பாதிக்கும் விதத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஸ்ரீவில்லிபுத்தூரின் அடையாளம் 192 அடி ராஜகோபுரமும், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவும். விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் கொதித்துச் சுண்டுகிற வாசனையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போவதே கஷ்டம். (நான் தாண்டவில்லை. அரை கிலோ வாங்கினேன்.) இந்த இனிப்புக்கு ஆண்டாளைப் பார்க்க வருகிற கூட்டமும், குற்றாலம் போகிற வழியில் இறங்குகிற கூட்டமும் போதும். பால் விலை, மாட்டுத் தீவன விலை, சர்க்கரை விலை ஆகிய மூன்றும்தான் இந்தத் தொழிலுக்குத் தலைவலி. வாஷிங்டனில் யார் கையெழுத்துப் போட்டாலும் கோவா கிண்டும் கரண்டி நிற்காது.

ராஜபாளையத்துக்கு அந்த நிம்மதி இல்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் இங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. இங்கே நூற்கிற பஞ்சில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் விளைவதில்லை. குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து வருகிறது; நீளமான இழை வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அதாவது, மூலப்பொருளும் வெளியூர், வாங்குகிறவரும் பெரும்பாலும் வெளியூர். நடுவில் ராட்டினம்போல ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாட்டு மில்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

ஊருக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் இன்னொரு உலகம். தெருவுக்குள் நுழையும் முன்பே விசைத்தறிச் சத்தம் காதுக்குள் நுழைந்துவிடுகிறது. இங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு, பாவும் ஊடும் இடைவெளிவிட்டு நெய்த துணி. பிறகு வெளுத்து, உலர்த்தி, வெட்டி, சுருட்டி, பெட்டியில் அடைத்தால் மருத்துவமனைக்குத் தயார். நம் வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கும் சுருள் இங்கே நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது.

தறி வைத்திருக்கிற எல்லோரும் முதலாளிகள் அல்ல. பலர் நூலை வாங்கிக்கொண்டு போய், துணியாக நெய்து கொடுத்து, கூலி வாங்குகிறவர்கள். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நிற்பது சத்திரப்பட்டிக்குப் புதிதும் அல்ல. நூல் விலை ஏறினால் வியாபாரி தயங்குவார். இறங்கினாலும் இன்னும் இறங்கட்டுமே என்று காத்திருப்பார். இரண்டிலும் தறி காத்துக் கிடக்கும்.

இப்போது பெட்ராபோலுக்கு வருவோம். கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே, வங்கதேச எல்லையில், போங்காவ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் சோதனைச்சாவடி. எதிர்ப்பக்கம் பெனாபோல். இரு நாட்டுக்கும் இடையே தரைவழியில் போகிற சரக்கில் பெரும்பங்கு இந்த வாசலில்தான் நடக்கிறது. இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்குகிற நாடும் வங்கதேசம்தான். அவர்களுடைய ஆயத்த ஆடைத் தொழிலுக்கு நூல் சோறு மாதிரி.

2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். அதன்பின் உறவு கசந்தது. 2025 ஏப்ரல் 8 அன்று, வங்கதேசச் சரக்கு இந்தியா வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போகத் தந்திருந்த வசதியை இந்தியா ரத்து செய்தது. அதே மாதம், இந்திய நூல் தரைவழியாக வரக் கூடாது என்று வங்கதேசம் நிறுத்தியது. மே 17-ல் வங்கதேசத்து ஆயத்த ஆடைகள் தரைவழியே வர இந்தியா தடை போட்டது. கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றது. ஆறே வாரத்தில் இவ்வளவும்.

போங்காவில் இதன் விளைவு அன்றைக்கே தெரியும். லாரி வராவிட்டால் சுமை தூக்குகிறவருக்குக் கூலி இல்லை, லாரி நிறுத்துமிடத்துக்கு வாடகை இல்லை, டீக்கடையில் கூட்டம் இல்லை. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் பஞ்சாபின் அட்டாரி வாசல் மூடப்பட்டபோதும் முதலில் கை ஓய்ந்தது அங்கிருந்த சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குத்தான்.

ராஜபாளையத்தில் அப்படி இல்லை. தென்னிந்திய மில்களுக்குக் கடல்வழி திறந்தேதான் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னரில் அனுப்பலாம். அதனால் அடி நேராக விழவில்லை, சுற்றிவளைத்து வருகிறது. ஒரு லாரி நூல் போதும் என்று வாங்கிய சின்ன வியாபாரி கன்டெய்னர் கணக்கில் வாங்க மாட்டார். வடக்கே தரைவழியை நம்பியிருந்த மில்லின் நூல் விற்காமல் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பும். நூல் பெருகினால் விலை இறங்கும். விலை இறங்கினால் இங்கே ஒரு மில் ஷிப்டைக் குறைக்கும். எல்லையில் கதவடைத்துச் சில மாதங்கள் கழித்து, ஒரு பெண்ணிடம் "அடுத்த வாரம் நாலு நாள்தாம்மா வேலை" என்று சொல்லப்படும். காரணம் கேட்டால் ஆர்டர் இல்லை என்பார்கள். பெட்ராபோல் என்ற பெயர் அந்தப் பேச்சில் வரவே வராது. எனக்கு இதில் உறுத்துவது இதுதான். போங்காவ் தொழிலாளியாவது யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்து கோபப்படலாம்.

கடலும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பா போகிற கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயண நாள் கூடியது, கப்பல் கட்டணமும் ஏறியது. பேண்டேஜ் மாதிரி இடத்தை அடைக்கிற, விலை குறைந்த சரக்குக்கு இது கொடுமை. ஒரு பெட்டி நகையும் ஒரு பெட்டி காஸ் துணியும் கப்பலில் பிடிக்கிற இடம் ஒன்றுதானே!

அப்புறம் அமெரிக்கா. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாகக் கூடுதலாக 25 சதவீதம் சேர்ந்து, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. உக்ரைனில் நடக்கும் போருக்கும் சத்திரப்பட்டித் தறிக்கும் முடிச்சு விழுந்தது இப்படித்தான். மத்திய அரசு பஞ்சு இறக்குமதி மீதான 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்து, பிறகு அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. மில்லுக்கு அது மூச்சு விடும் நேரம். பருத்தி விவசாயிக்கு அதுவே வயிற்றெரிச்சல்.

இந்த வரி விகிதம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. விகிதத்தைவிட, அது எப்போது மாறும் என்று தெரியாத இடைப்பட்ட மாதங்கள்தான் ஆளைக் கொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய மில்லுக்குக் கையிருப்பு உண்டு, காற்றாலை உண்டு, வங்கி உண்டு. எட்டுத் தறி வைத்திருக்கிறவருக்குக் கரன்ட் பில்லும் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸும் மட்டும்தான் உண்டு.

எல்லையை மூடினால் எல்லோருக்கும் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. இதே விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டிக்காரர்கள் சீன லைட்டர்களைத் தடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 ஜூன் கடைசியில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தபோது அங்கே சந்தோஷம்தான்.

சத்திரப்பட்டியில் தறிகளைப் பார்க்க வேண்டுமானால் மின்தடை இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. தறிக்குப் பக்கத்தில் நின்று பேசினால் எதுவும் காதில் விழாது, வெளியே டீக்கடையில்தான் பேச முடியும். நான் போனபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த டி.வி.யில் வரிப் பேச்சுவார்த்தை பற்றித்தான் செய்தி. நெய்கிறவர்கள் டம்ளரைக் கையில் வைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.